வெட்கக் குணகம்

கூடு வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கமே மாறிப்போனது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "எந்த ஊருங்க?" என்று கேட்ட காலம் போய், "எந்த அறைங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அரசாங்கம் மாநிலம் முழுவதையும் தேன்கூடு போல அறுகோண அறைகளாகப் பிரித்துவிட்டது. ஒவ்வோர் அறைக்கும் நடுவில் ஓர் ஊர். ஆஸ்பத்திரி, பத்திரப்பதிவு, உரக்கிடங்கு எல்லாம் அந்த நடு ஊரில். எந்தப் பஸ் எங்கே போக வேண்டும், எந்தச் சேவையை எங்கே வைக்க வேண்டும் என்பதை ஒரு கணினித் திட்டம் தானாகவே கணித்து மாற்றிக்கொண்டிருக்கும். அதற்குத்தான் கூடு என்று பெயர். பஸ்ஸில் ஏறும்போது நீட்டுகிற அட்டையிலிருந்து நீங்கள் எந்த வீடு, எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஏன் போனீர்கள் என்பது மட்டும் தெரியாது.

வேலம்பதி அலுவலகத்தில் கூட்டைப் பார்த்துக்கொள்கிற திட்ட அலுவலர் மிருதுளா. புவியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவள். அதைத் தானாகச் சொல்ல மாட்டாள், ஆனால் யாராவது சொன்னால் தடுக்கவும் மாட்டாள். அவளுடைய மேலதிகாரி இளம்பரிதி சென்னையிலிருந்து வந்தவர், நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் நடந்ததையெல்லாம் அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஒரு நாள் அவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். கரட்டுப்பாளையத்திலிருந்தும் அதைச் சுற்றியிருந்த சிற்றூர்களிலிருந்தும் ஒரு சிவப்புக் கோடு கிளம்பி, வேலம்பதிக்குள் புகுந்து, நிற்காமல் அடுத்த பக்கம் வெளியேறி, ஆற்றைத் தாண்டி ஆனைத்துறை வரைக்கும் போயிற்று.

"இது என்ன மிருதுளா? இங்கயே குடி மறுவாழ்வு மையம் இருக்கு. அங்கயும் அதே மையம், அதே மருந்து, ரெண்டும் இலவசம். பக்கத்துல இருக்கறத விட்டுட்டு இந்த ஜனங்க எதுக்கு மூணு மடங்கு தூரம் போறாங்க? கூடு இத 'விளக்க முடியாத பயணம்'னு போட்டு வச்சிருக்கு. மேலிடத்துல கேக்கறாங்க."

"விளக்கலாமுங்க சார்."

"எப்படி?"

"நம்ம பாடமே ஒரு அனுமானத்து மேலதானுங்க நிக்குது. மனுசன் வேண்டியத ரொம்பப் பக்கத்துல கெடைக்கற எடத்துல வாங்கிக்குவான்னு. தூரத்தச் செலவுன்னு போட்டிருக்கோம். உரம் வாங்கறவங்களுக்குச் சரி. ஆனா குடிய விடறதுக்குப் போறவங்க தெரிஞ்ச மொகம் எதுவும் இல்லாத ஊரத் தேடித்தான் போவாங்க. அவங்களுக்குத் தூரம் செலவில்லீங்க சார். அந்தத் தூரத்தத்தான் அவங்க வாங்கறாங்க."

இளம்பரிதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத எண்ணாப் போட முடியுமா?"

"முடியுமுங்க. ஒரு குணகம் சேத்தா போதும். ஒரு ஆள் எவ்வளவு தூரம் தாண்டிப் போறாரோ, அவ்வளவுக்கு அவருக்கு வெட்கம்."

அப்படித்தான் வெட்கக் குணகம் பிறந்தது. அதைச் சேர்த்ததும் சிவப்புக் கோடு பச்சையாயிற்று. குழந்தைப்பேறு மருத்துவமனை, மனநல மருத்துவர், அடகுக் கடை என்று மாநிலம் முழுவதும் கூட்டுக்குப் பிடிபடாமல் கிடந்த பயணங்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். உனக்கு எப்படி இது தோன்றியது என்று எல்லோரும் கேட்டார்கள். படிப்புதான் என்று அவள் சிரித்துச் சமாளித்தாள்.

அது முழுப் பொய். படிப்பு அவளுக்கு எதையும் சொல்லவில்லை. அவளுடைய தம்பி சபரீஷ் வாரம் தவறாமல் அந்தச் சிவப்புக் கோட்டில்தான் போய்க்கொண்டிருந்தான்.

சபரீஷ் பனியன் கம்பெனியில் சாயப்பட்டறை மேஸ்திரியாக இருந்தவன். குடி பிடித்துக்கொண்டது. முதலில் வேலை போயிற்று, பிறகு மனைவி பிறந்த வீட்டுக்குப் போனாள். அப்பா அம்மா இல்லாத நிலையில் கரட்டுப்பாளையத்தில் அக்கா வீடுதான் அவனுக்கு வீடு. குடியை விடுகிறேன் என்று அவனே வந்து சொன்னபோது அவள் அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "வேலம்பதி சென்டர் வேண்டாம்."

"அதானக்கா பக்கம்?"

"எங்க ஆபீசுக்குப் பின் தெருடா அது. எல்லாம் தெரிஞ்சவிய. ஆனைத்துறைக்குப் போ. அங்க போனா உனக்கும் சங்கடம் இல்ல."

எனக்குச் சங்கடமென்று நான் எப்போது சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை. சரியென்று தலையாட்டிவிட்டுப் போனான். அவன் பஸ்ஸில் தலையைக் குனிந்து முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு போவதாகத்தான் அவள் மனதில் ஒரு படம் இருந்தது. குணகத்தின் அளவை முடிவு செய்தபோது அவள் நினைத்துப் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

வெட்கம் கணக்குக்குள் வந்ததும் இளம்பரிதிக்கு ஒரு யோசனை தோன்றிற்று. ஜனங்கள் வெட்கத்துக்காகத்தான் தூரம் போகிறார்கள் என்றால், வெட்கப்படத் தேவையில்லாதபடி வேலம்பதி மையத்தையே மாற்றிவிட்டால் என்ன? பெயர்ப்பலகையை எடுத்துவிடலாம். சந்து வழியாக ஒரு பின்வாசல் வைக்கலாம். ஆனைத்துறை பஸ்ஸை நிறுத்தி அந்தச் செலவை மிச்சப்படுத்தலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மிருதுளாவும் நல்ல யோசனை என்றுதான் சொன்னாள்.

ஆனால் நினைத்தவுடன் ஒரு பஸ்ஸை நிறுத்திவிட முடியாது. கூட்டில் எந்தச் சேவைக்கும் ஒரு வரம்பு உண்டு. குறைந்தது இத்தனை பேர் பயன்படுத்தினால் அந்தச் சேவை உயிரோடு இருக்கும், ஓர் ஆள் குறைந்தாலும் மூடிவிடும். ஆனைத்துறை பஸ் வரம்பை ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸை நிறுத்துவதா வேண்டாமா என்பதைப் பார்க்க, அதில் போகிறவர்களின் விவரத்தை வீட்டு வாரியாக எடுத்து அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் திரையில் போடச் சொன்னார் இளம்பரிதி.

திரையில் கரட்டுப்பாளையம், நடுவீதி, மிருதுளா வீடு என்று வரும்.

அலுவலர்களின் குடும்பத்துப் பயணங்களைக் கணக்கிலிருந்து ஒதுக்கி வைக்க ஒரு விதி இருந்தது. கணக்கு பார்க்கிறவர் தன் வீட்டுக்குச் சாதகமாக எதையும் செய்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, நேர்மைக்காக வைத்தது. மிருதுளா அந்த விதியின்படி தன் வீட்டை ஒதுக்கினாள். பொத்தானை அழுத்தியதும் திரையில் ஆனைத்துறை பஸ்ஸுக்கான கட்டம் கறுப்பாயிற்று. ஓர் ஆள் குறைவு.

அவள் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிற்பாடு எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாதபடி நன்றாகவே பார்த்தாள். விதிப்படிதானே செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கணினியை மூடினாள். காது மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தது.

பஸ் நின்றது. வேலம்பதி மையத்தின் பின்வாசலை மாலை போடாமல், மைக் இல்லாமல், இரகசியமாகத் திறந்து வைத்தார்கள். இரகசியமாகத் திறந்ததாலேயே ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. சந்து முனை டீக்கடைக்காரர், பின்வாசலுக்குள் யார் போகிறார்கள் என்று பார்க்க வருகிறவர்களுக்காகக் கூடுதலாக ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார். முன்வாசலில் போகிறவன் மருந்துச் சீட்டு வாங்கவோ யாரையாவது பார்க்கவோ போகலாம். பின்வாசலில் போகிறவன் எதற்குப் போகிறான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதனால் ஒருவரும் போகவில்லை. ஒருவரும் வராததைக் கூடு பார்த்துக்கொண்டிருந்தது.

"பஸ் நின்னு போச்சாமா அக்கா?" என்று சபரீஷ் சாப்பிடும்போது கேட்டான்.

"ஆமா. ஆளு பத்தலீன்னு நிறுத்தியாச்சு. அதுக்கென்ன, நான் உன்னக் கார்ல ஆனைத்துறைல கொண்டு போய் விடறேன்."

"கார்ல வேண்டாங்க்கா."

"ஏன்டா? சொகமாப் போலாமல்ல? ஒருத்தன் கண்ணுலயும் படாம."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "ராசுக்குட்டியண்ணன் போனே எடுக்க மாட்டீங்கறாரு" என்றான்.

"அது ஆரு?"

"பஸ்ல வருவாரு."

பஸ்ஸில் வருகிறவர்களின் பெயர் தம்பிக்கு எப்படித் தெரியும் என்றாவது அன்றைக்குக் கேட்டிருக்கலாம். தலை குனிந்து உட்கார்ந்திருப்பவனுக்குப் பக்கத்து சீட்டுக்காரர் பெயர் எப்படித் தெரியும்? கேட்கத் தோன்றவில்லை. வீம்பு பிடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு சேவையை நிறுத்தினால் ஆட்சேபணைக் கூட்டம் நடத்தியாக வேண்டும். வேலம்பதி கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். யாரும் வர மாட்டார்கள் என்பது கூட்டின் கணிப்பு. இவ்வளவு வெட்கம் உள்ளவர்கள் மேடை ஏறி, நான் குடிகாரன், எனக்குப் பஸ் வேண்டும் என்றா கேட்பார்கள்? காபிக்குக்கூடச் சொல்லி வைக்கவில்லை.

வந்தார்கள். கூட்டமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களோடு சேர்ந்து ஊர்க்காரர்களும் வந்தார்கள். கடைசி வரிசையில் சபரீஷ் இருப்பதைப் பார்த்ததும் மேடையில் இருந்த மிருதுளா கையிலிருந்த கோப்பைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் மைக்கைப் பிடித்தது கலாமணி என்கிற பெண். ஐம்பதைத் தாண்டியவள். மில்லில் இராத்திரி ஷிப்ட் பார்த்து, உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்து, பிறகு வலி இல்லாமலும் குடித்தவள். அவளே அப்படித்தான் சொன்னாள், ஒளிக்கவில்லை.

"வெக்கப்பட்டுட்டு தூரம் போறோம்னு போட்டிருக்கறீங்களாமா? ஆருங்க சொன்னது அப்படி? மொத நாளு வேணா வெக்கப்பட்டுட்டுப் போனோம். ரெண்டாவது வாரமே பஸ்ல பாத்தா, ஏறுனவிய எல்லாம் நம்ம ஆளு. பக்கத்து ஊரு, அடுத்த வீதி. எல்லாம் ஒரே எடத்துக்குத்தேன் போறம்னு தெரிஞ்சு போச்சு. அப்பறம் என்னத்த மூடறது? இந்த வாரம் ஆரு குடிச்சா, ஆரு குடிக்கல, ஆரு வீட்டுல என்ன சண்டைன்னு போற தூரம் பூரா அதேதானுங்க பேச்சு. அழுகறவிய அழுவாங்க. ராசுக்குட்டி மாமா பாட்டுப் படிப்பாரு. டாக்டரு பத்து நிமிசந்தானுங்க பாப்பாரு. மிச்ச வைத்தியம் பூரா பஸ்லதேன். அவ்வளவு தூரமும் எங்களுக்கு வேணுமுங்க. அந்தத் தூரத்தயுந்தேன் புடுங்கிப் போட்டீங்க."

இளம்பரிதி குறுக்கிட்டார். "சரிம்மா. அந்த ராசுக்குட்டி வந்திருக்காரா? அவரும் பேசட்டும்."

"அவரு இல்லீங்க" என்றாள் கலாமணி. "பஸ்ஸு நின்ன ரெண்டாவது வாரம் மறுக்காக் குடிக்கக் கடைக்குப் போயிட்டாரு. வீட்டுக்குத் திரும்பறப்ப வாய்க்கால்ல உளுந்துட்டாருங்க. மதகுகிட்ட எடுத்தாங்க."

மிருதுளாவின் கண்முன் கறுப்பான அந்தக் கட்டம் வந்து நின்றது. ஓர் ஆள் குறைவு. அந்தக் கணத்தில் மேடையில் இருந்து இறங்கி எங்காவது ஓடிப்போய்விட முடியாதா என்று இருந்தது. ராசுக்குட்டி முகம்கூட அவளுக்குத் தெரியாது. ஒரு மனிதன் செத்ததற்குக் காரணமாக இருந்துவிட்டு அவன் முகம் தெரியாமல் இருப்பது எவ்வளவு அசிங்கம் என்று நினைத்தாள்.

இளம்பரிதி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ரொம்ப வருத்தமா இருக்குங்க. ஆனா பஸ்ஸத் திருப்பி விட எனக்கு வரம்பு வேணும். அவரக் கணக்குல இனிமே சேர்க்க முடியாது. நாங்க எண்ணும்போது விட்டுப்போனவங்க யாராவது இருந்தா முன்னால வந்து வீட்டு விலாசம் சொல்லுங்க. பதிவு பண்ணிக்கலாம்."

கடைசி வரிசையிலிருந்து சபரீஷ் எழுந்து வந்தான். நடுவில் நடந்து வரும்போது அக்காவைப் பார்க்கவில்லை. மேடைக்குக் கீழே நின்று, "நான் போயிட்டிருந்தனுங்க. விட்டுப்போச்சுங்க" என்றான்.

"பேரு?"

"சபரீஷுங்க."

"வீட்டு விலாசம்?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒரு நொடிதான். சின்ன வயசில் அவள் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு நிற்கும்போது, அப்பா வருவதற்குள், நான்தான் உடைத்தேன் என்று சொல்லப் போகிறவன் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"வீடுன்னு ஒண்ணும் இல்லீங்க" என்றான். "தனி ஆளுங்க. கோயில் மண்டபத்துல படுத்துக்குவனுங்க."

"சொந்தக்காரங்க?"

"ஆரும் இல்லீங்க."

"விலாசம் இல்லாம எப்படிங்க பதியறது? கூடு வீட்டு வாரியாத்தான் எண்ணும்."

"அப்ப உடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, மேடையைப் பார்த்துக் கும்பிட்டான். "வர்றனுங்க மேடம்."

மேடம். நேற்று இராத்திரி இவள் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவன். அவளை மறைப்பதற்குத் தன்னை வீடில்லாதவனாக்கிக்கொண்டு திரும்பி நடக்கிறான். இத்தனை நாளும் அவனுடைய வெட்கத்தை மூடி வைக்கிறோம் என்று அவள் நினைத்திருந்தாள். மூடிக்கொண்டிருந்தவன் அவன். மூடப்பட்டது அவளுடையது. அது புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நில்லுடா" என்றாள். மைக் இல்லாமலே மண்டபம் முழுவதும் கேட்டது. "கரட்டுப்பாளையம், நடுவீதி. என் வீடு. அவன் என் தம்பிங்க சார். எண்ணும்போது விட்டுப்போகல. நாந்தான் எடுத்தேன். எடுத்தா பஸ்ஸு நின்னுரும்னு தெரிஞ்சேதான் எடுத்தேன்."

மண்டபமே ஆவென்று பார்க்கும், காறித் துப்பும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சத்தமும் வரவில்லை. திறந்து பார்த்தபோது யாருடைய முகத்திலும் ஆச்சரியம் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அலுவலக ஆட்கள் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். கேக் வெட்டியவர்களும் அதில் இருந்தார்கள்.

"தெரியுமுங்க கண்ணு" என்றாள் கலாமணி. குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "தம்பி பஸ்ல ஏறுன மொத நாளே தெரியுமுங்க. மொக சாடை அப்படியே உங்களாட்டவேதான இருக்குது? வேலம்பதில டீக்கடை வரைக்கும் தெரியும். உங்க காதுல உளுந்தா நீங்க வெசனப்படுவீங்கன்னுதேன் ஆரும் மூச்சு உடல. ராசுக்குட்டி மாமாதான் எல்லார்த்துகிட்டயும் சொல்லி வச்சிருந்தாரு, அந்த ஆபீசுப் புள்ளைக்கு முன்னால ஆரும் இதப் பேசப்புடாதுன்னு."

கணக்கை வேறோர் அலுவலர் பார்த்ததால் சபரீஷைச் சேர்க்க முடிந்தது, ராசுக்குட்டி போன குறைக்கு ஊர்க்காரர் ஒருவரும் பெயர் கொடுத்தார், பஸ் திரும்ப ஓட ஆரம்பித்தது. விதிப்படி ஒதுக்கியதற்காக அல்ல, ஒதுக்கினால் பஸ் நின்றுவிடும் என்பதை மறைத்ததற்காக மிருதுளா மீது விசாரணை வைத்தார்கள். வேலை போகவில்லை, பதவி ஒரு படி இறங்கியது. இளம்பரிதி குணகத்தை எடுத்துவிடலாமா என்று சென்னைக்குக் கேட்டார். மற்ற மாவட்டங்களில் நன்றாக வேலை செய்கிறது, இருக்கட்டும் என்று பதில் வந்தது. அடகுக் கடைக்கும் குழந்தைப்பேறு மருத்துவமனைக்கும் போகிறவர்களின் பயணங்களில் அது இப்போதும் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பஸ்களில் என்ன பேச்சு நடக்கிறது என்பதை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பஸ் மறுபடி ஓடிய முதல் வாரம் சபரீஷோடு மிருதுளாவும் போனாள். நீ எதற்கு என்று அவன் கேட்டான். சும்மா என்றாள். கரட்டுப்பாளையம் நிறுத்தத்தில் ஏறி அட்டையை நீட்டினாள். உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, பிறகு நாகரிகத்துக்காக மறுபடியும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். பஸ் நிரம்பியிருந்தது. ஜன்னலோரம் ஓர் இடம் மட்டும் காலி.

"உக்காருங்க கண்ணு" என்றாள் கலாமணி. "ராசுக்குட்டி மாமன் எடந்தான். இனி ஆரு வரப்போறா?"

"பரவால்லீங்க."

"ஆனைத்துறை வரைக்கும் நின்னுட்டேவா வருவீங்க?"

"நிக்கறனுங்க."

வேலம்பதி வந்தது. மையமும், பின்வாசலும், அவளுடைய அலுவலகமும் பின்னால் போயின. சபரீஷ் யாரிடமோ இந்த வாரம் தன் மனைவி போனில் பேசினாள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அக்காவிடம் அதை அவன் சொல்லியிருக்கவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடி, தலையைக் குனிந்து நின்றாள்.

அன்று மாலை கூடு அவளையும் ஒரு பயணமாக எண்ணிக்கொண்டது. பக்கத்து ஊரைத் தாண்டித் தூரம் போனவள். ஏன் போனாள் என்ற இடத்தில் அவளே உண்டாக்கிய அந்த வெட்கக் குணகத்தை எடுத்து வைத்தது. அந்தப் பஸ்ஸைப் பொறுத்தவரை அது முதல்முறையாகச் சரியாக இருந்தது.